மந்த காலத்தில் சட்டப் பட்டம்: வேலை எங்கே போயிருக்கிறது, அங்கே எப்படிப் போய்ச் சேர்வது

பொருளாதாரம் சுருங்கும் காலத்திலும் சட்ட வேலை இருக்கத்தான் செய்கிறது. இருந்த இடத்தில் இருக்காது, அவ்வளவுதான். நிறுவனங்களை வாங்குவது, பங்கு வெளியீடு, புதிய கட்டடத் திட்டம், பெரிய கடன் ஒப்பந்தம் என்று புதிதாக ஒன்றைத் தொடங்குவதோடு ஒட்டிய வேலைகள் முதலில் நிற்கும். கொடுத்த கடனைத் திரும்ப வாங்குவது, ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வது, ஆட்குறைப்புத் தகராறு, வாடகை பாக்கி, திவால், மோசடி விசாரணை, வரித் தகராறு ஆகியவை அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக ஏறும். உண்மையில் வற்றிப்போவது, ஒன்றும் தெரியாமல் வருகிற புதியவரை ஆறு மாதம் உட்காரவைத்துக் கற்றுக்கொடுப்பதற்கு அலுவலகங்கள் ஒதுக்கும் பணமும் பொறுமையும்தான். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் இந்தக் கற்றுக்கொடுக்கும் செலவைக் குறைத்துக் காட்டுவதற்கானது.

2008 இதற்கு நல்ல உதாரணம். அந்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று 60,000 கோடி டாலருக்கு மேல் கடனோடு லேமன் பிரதர்ஸ் என்ற அமெரிக்க முதலீட்டு வங்கி திவால் மனு போட்டது. அந்த ஒரு மனு பல நாடுகளின் வழக்கறிஞர்களுக்குப் பல ஆண்டு வேலை கொடுத்தது. அதே மாதத்தில், 1890இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ஹெல்லர் எர்மன் என்ற பெரிய சட்ட நிறுவனம் கலைந்துபோனது. 2009இல் அமெரிக்காவின் பெரிய சட்ட நிறுவனங்கள் பல, வேலைக் கடிதம் கொடுத்திருந்த புதியவர்களைப் பல மாதம் கழித்து வரச் சொல்லின. சில இடங்களில் அது ஓராண்டு வரை போனது. சில நிறுவனங்கள் அந்த ஓராண்டுக்குக் குறைந்த தொகை கொடுத்து, இலவசச் சட்ட உதவி அமைப்புகளில் வேலை செய்யச் சொல்லின. ஆகவே கையில் கடிதம் இருந்தாலும் சேரும் தேதியை நிறுவனம் தள்ளிவைக்கலாமா, தள்ளிவைத்தால் தொகை ஏதும் உண்டா, இடையில் வேறு இடத்தில் வேலை செய்ய அனுமதி உண்டா என்ற மூன்றையும் அதில் தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எழுதிக் கேளுங்கள். தொலைபேசியில் கிடைத்த பதிலைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

முதலில் மாதங்களை எண்ணுங்கள்

வேலை தேட உட்காருவதற்கு முன், வருமானமே இல்லாவிட்டால் எத்தனை மாதம் தாங்கும் என்று எழுதிப் பாருங்கள். தங்குமிடம், சாப்பாடு, பயணம், கல்விக் கடன் தவணை ஆகியவை மாதச் செலவு. பதிவுக் கட்டணம், தகுதித் தேர்வுக் கட்டணம், அங்கி, புத்தகம் அல்லது தீர்ப்புத் தளச் சந்தா ஆகியவை ஒருமுறைச் செலவு. இருப்பிலிருந்து ஒருமுறைச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தை மாதச் செலவால் வகுத்தால் வருவதுதான் உங்கள் கெடு. பலர் கழிக்காமலே வகுக்கிறார்கள். பிறகு தேர்வுக் கட்டணம் கட்டும் மாதத்தில் கை கடிக்கிறது.

கெடு நான்கு மாதத்துக்குக் குறைவு என்றால், பிடித்த துறைக்காகக் காத்திருக்க வழியில்லை. ஆவணச் சரிபார்ப்பு, ஒப்பந்தச் சீராய்வு போன்ற வேலைகளில் சேர்ந்துகொண்டு மாலையிலும் வார இறுதியிலும் தேடலைத் தொடருங்கள். பத்து மாதத்துக்கு மேல் தாங்கும் என்றால், குறைந்த சம்பளத்தில் நல்ல பயிற்சி தருகிற சிறிய அலுவலகத்தைத் தேர்ந்துகொள்ள இடம் உண்டு. கல்விக் கடன் தவணையைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தால், முதல் தவணை தவறுவதற்கு முன்பே கடன் கொடுத்தவரிடம் எழுத்தில் கேளுங்கள். தவறிய பின் கேட்டால் கடன் வரலாற்றில் கறை விழும். வங்கி, நிதி நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளில் ஆள் எடுக்கும்போது அந்த வரலாற்றைப் பார்ப்பது உண்டு.

உரிமத்தைத் தள்ளிப்போடாதீர்கள்

வேலை கிடைத்த பிறகு பதிவு செய்துகொள்ளலாம் என்று இருப்பது மந்த காலத்தில் பெரிய தவறு. உரிமம் உள்ளவரின் உழைப்புக்குக் கட்சிக்காரரிடம் வழக்கறிஞர் கட்டணம் கேட்கலாம், நீதிமன்றத்துக்கு அனுப்பலாம். உரிமம் இல்லாதவர் அலுவலகக் கணக்கில் வெறும் செலவு. இருவரும் ஒரே நாளில் விண்ணப்பித்தால் யாரை எடுப்பார்கள் என்று யோசிக்க வேண்டியதில்லை.

தாமதம் பெரும்பாலும் காகிதத்தில்தான் வருகிறது. பள்ளிச் சான்றிதழில் ஒரு முன்னெழுத்து, அடையாள அட்டையில் வேறு, பட்டத்தில் இன்னொன்று என்று இருந்தால் அதைச் சரிசெய்யவே வாரக்கணக்கில் ஆகும். இறுதித் தேர்வு எழுதிய வாரத்திலேயே எல்லாச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தேர்வுகளே தள்ளிப்போகும் காலமும் உண்டு. 2020இல் பெருந்தொற்றால் அமெரிக்காவில் வழக்கறிஞர் தேர்வுகள் குழம்பியபோது யூட்டா, வாஷிங்டன், ஓரிகன் ஆகிய மாநிலங்கள் தகுதியுள்ள பட்டதாரிகளுக்குத் தேர்வில்லாமலே உரிமம் தந்தன. அதுபோன்ற சலுகைகள் குறுகிய கெடுவோடு வந்து போகும். காகிதம் தயாராக இருந்தவர்களுக்குத்தான் பயன்படும்.

வேலை எங்கே குவிகிறது என்று கண்ணால் பாருங்கள்

வேலை விளம்பரங்கள் காலம் தாழ்ந்த செய்தி. நீதிமன்றங்களும் தீர்ப்பாயங்களும் நாள்தோறும் வெளியிடும் வழக்குப் பட்டியல் உடனடிச் செய்தி, அதுவும் பல இடங்களில் இலவசம். நான்கு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், ஒரே நீதிமன்றத்தின் அல்லது ஒரே தீர்ப்பாயத்தின் பட்டியலை எடுத்து ஒரு விரிதாளில் எழுதுங்கள். தேதி, வழக்கு வகை, புதிய வழக்கா பழையதா, இரு தரப்பு வழக்கறிஞர் பெயர், என்ன நடந்தது என்று ஐந்து பத்திகள் போதும். இரண்டு விஷயம் தெரியவரும். எந்த வகை வழக்கு கூடுகிறது என்பது ஒன்று. ஒரே நாளில் மூன்று நான்கு இடங்களில் பெயர் வந்து, வேறு நீதிமன்றத்தில் இருக்கிறேன் என்று அடிக்கடி வாய்தா கேட்கும் வழக்கறிஞர்கள் யார் என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது பட்டியல்தான் உங்கள் தங்கச் சுரங்கம். அவர்களுக்கு வேலை வழிகிறது, கை போதவில்லை. விளம்பரம் கொடுக்கக்கூட அவர்களுக்கு நேரமில்லை.

பட்டியலில் நாற்பது பெயர் சேரும் வரை யாருக்கும் எழுத வேண்டாம். பெரிய நிறுவனங்கள் அதில் ஐந்துக்கு மேல் வேண்டியதில்லை. ஆள் எடுப்பதை முதலில் நிறுத்துபவை அவைதான். இரண்டு முதல் ஆறு வழக்கறிஞர் உள்ள அலுவலகங்கள், திவாலான நிறுவனத்தின் பொறுப்பை ஏற்று நடத்தும் திவால் நிர்வாகிகளின் அலுவலகங்கள், வங்கிகளின் கடன் வசூல் பிரிவு, நடுத்தர நிறுவனங்களின் உள் சட்டத் துறை, அரசு வழக்கறிஞர் அலுவலகம், சட்ட உதவி மையம், ஒழுங்குமுறை அமைப்புகள் என்று கலந்து எடுங்கள். திவால் நிர்வாகிகளில் கணக்காளர்கள் பலர். சட்டம் படித்தவர்கள் பெரும்பாலும் சட்ட அலுவலகத்தையே சுற்றிச் சுற்றி வருவதால் அந்தக் கதவில் கூட்டம் குறைவு.

நீதிபதிகளின் ஆய்வு உதவியாளர் பணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். சம்பளம் அரசுடையது, சந்தை சரிந்தாலும் குறையாது. காலம் ஓராண்டோ இரண்டாண்டோ என்று குறித்தது. நல்ல மனு எது, மோசமான மனு எது என்று நீதிபதியின் பக்கத்திலிருந்து பார்க்கிற வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது. ஒரே சிக்கல், பல இடங்களில் விண்ணப்பம் மாதக்கணக்கில் முன்னதாகவே முடிந்துவிடும். கடைசி ஆண்டு படிக்கும்போதே தேதியைக் குறித்துவைக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. மந்தம் வந்தால் திவால் வழக்கு கொட்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். கடைசியில் அது சரிதான், ஆனால் உடனே அல்ல. கடன் கொடுத்தவர்கள் முதலில் தவணையை மாற்றிப் பார்ப்பார்கள், பிறகு நோட்டீஸ், அதன் பிறகே மனு. அரசே கதவைச் சாத்துவதும் உண்டு. 2020இல் இந்தியா, திவால் மனுவுக்கான குறைந்தபட்சக் கடன் வரம்பை ஒரு லட்சத்திலிருந்து ஒரு கோடி ரூபாயாக உயர்த்தியது. மார்ச் 25 முதல் ஓராண்டுக்குள் கடனைக் கட்டத் தவறியதற்குத் திவால் சட்டத்தில் மனுவே போட முடியாதபடி செய்தது. பிரிட்டனும் அதே ஆண்டு நிறுவனங்களைக் கலைக்கக் கோரும் மனுக்களுக்குக் கடிவாளம் போட்டது. திவாலை மட்டும் நம்பித் தயாரானவர்கள் காத்திருந்தார்கள். தவணை மாற்று ஒப்பந்தம், வாடகைக் குறைப்புப் பேச்சுவார்த்தை, பேரிடர் போன்றவற்றால் ஒப்பந்தத்தை நிறைவேற்ற முடியாதபோது உதவும் எதிர்பாரா நிகழ்வுப் பிரிவின் கீழ் அனுப்பும் நோட்டீஸ் ஆகியவற்றை எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்த மாதங்களிலும் வேலை இருந்தது. எனவே ஒரு துறையைப் பிடிக்கும்போது அதன் முந்தைய கட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். ஏறுமுகத்துக்கும் இறங்குமுகத்துக்கும் அதிகம் அசையாத தனிநபர் தகவல் பாதுகாப்பு, கறுப்புப் பணத் தடுப்பு விதிகள் போன்றவற்றை நிறுவனம் கடைப்பிடிக்கிறதா என்று பார்க்கும் இணக்கப் பணிகளும் உண்டு. சட்டம் கட்டாயப்படுத்துவதால் நிறுவனம் அவற்றை ஒரேயடியாக நிறுத்த முடியாது.

கையில் ஒரு மாதிரி

மதிப்பெண் பட்டியலைவிட, நீங்களே தயாரித்த மூன்று பக்கக் குறிப்பு ஒன்று அதிகம் பேசும். தலைப்பு சாதாரணமாக இருக்கட்டும். சரக்கு வாங்கியவர் பணம் தரவில்லை, என்ன செய்யலாம் என்பது போதும். கல்லூரிக் கட்டுரையை அப்படியே அனுப்பாதீர்கள். அதில் சட்டம் இருக்கும், தேதி இருக்காது. வேலை செய்கிற வழக்கறிஞர் முதலில் தேடுவது தேதியைத்தான்.

முதல் பக்கத்தில் ஒரு தேதி அட்டவணை மட்டும் இருக்கட்டும். மார்ச் 10 அன்று சரக்கும் விலைப்பட்டியலும் போய்ச் சேர்ந்தன, 60 நாள் கடன் என்று ஒப்பந்தம் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பணம் தர வேண்டிய கடைசி நாள் மே 9. காலவரம்பு, அதாவது வழக்குப் போடச் சட்டம் தரும் கால எல்லை, ஓடத் தொடங்குவது அதன் பிறகு. புதியவர்கள் மார்ச் 10இலிருந்து எண்ணிவிடுகிறார்கள். இரண்டு மாதம் பிசகுகிறது. அடுத்த வரியில், நவம்பரில் பாக்கியை ஒப்புக்கொண்டு வாங்கியவர் அனுப்பிய கடிதம். பல நாடுகளில் கையெழுத்திட்ட எழுத்து ஒப்புதல் காலவரம்பைப் புதிதாகத் தொடங்கிவைக்கும், ஆனால் அது பழைய காலவரம்பு முடிவதற்குள் வந்திருக்க வேண்டும். இந்தியாவில் இத்தகைய கடனுக்கு மூன்று ஆண்டு, இங்கிலாந்தில் சாதாரண ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டு. நீங்கள் எந்த நாட்டில் வேலை தேடுகிறீர்களோ அந்த நாட்டின் பிரிவு எண்ணோடு எழுதுங்கள். வந்தது கடிதமா மின்னஞ்சலா, கையெழுத்து உண்டா என்று ஒரு வரி சேர்த்தால், எதிர்த்தரப்பு எங்கே பிடிக்கும் என்று யோசித்திருக்கிறார் என்பது தெரியும்.

இரண்டாம் பக்கம் வழிகள். நோட்டீஸ், சமரசம், வழக்கு, திவால் மனு ஒவ்வொன்றுக்கும் செலவு எவ்வளவு, காலம் எவ்வளவு, வென்றால் உண்மையில் பணம் வருமா என்று எழுதுங்கள். கடைசிக் கேள்வியை மாணவர்கள் விட்டுவிடுவார்கள். கடன்பட்டவரிடம் சொத்தே இல்லை என்றால் வெற்றித் தீர்ப்பு வெறும் காகிதம். மூன்றாம் பக்கத்தில் நோட்டீஸ் வரைவு. மாதிரியில் உண்மையான கட்சிக்காரர் பெயர், வழக்கு விவரம் எதுவும் வரக் கூடாது. பயிற்சிக் காலத்தில் பார்த்த கோப்பிலிருந்து எடுத்து ஒட்டியது தெரிந்தால் அங்கேயே கதை முடிந்தது.

திவால் அலுவலகத்துக்குப் போவதென்றால் இன்னொரு மாதிரியும் செய்துகொள்ளுங்கள். கடன் கொடுத்தவர்களின் கோரிக்கைப் பட்டியல் அது. பெயர், அசல், வட்டி, பிணை உண்டா, எந்த ஆவணம் ஆதாரம், ஏற்றது எவ்வளவு, மறுத்தது எவ்வளவு, ஏன் என்று பத்திகள். அடிக்கடி நேரும் பிழை வட்டியில்தான். பொதுவாக வட்டியைத் திவால் நடவடிக்கை தொடங்கிய தேதி வரை மட்டுமே கணக்கிட்டு ஏற்பார்கள்; கோரிக்கை அனுப்புகிறவர்கள் அனுப்பும் நாள் வரை போட்டுவிடுவார்கள். அதைப் பிடித்துக் குறைக்கத் தெரிந்த புதியவரை முதல் நாளிலேயே கோப்பில் உட்காரவைக்கலாம்.

எழுதுவது, தொடர்வது

எந்த வேலையானாலும் செய்யத் தயார் என்ற வரியை விட்டுவிடுங்கள். பணிவாகத்தான் எழுதுகிறார்கள், ஆனால் படிக்கிறவருக்கு அது ஒரு சுமை. இவருக்கு என்ன கொடுப்பது என்று அவர்தான் யோசிக்க வேண்டும், அதற்கு அவருக்கு நேரமில்லை. இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தங்கள் அலுவலகம் கடன் வசூல் வழக்குகளில் தொடர்ந்து ஆஜராவதை வழக்குப் பட்டியலில் கவனித்து வருகிறேன். இந்த மாதம் வழக்கறிஞராகப் பதிவு செய்துள்ளேன். கோப்பைப் படித்துத் தேதி அட்டவணையும் நோட்டீஸ் வரைவும் தயாரித்துத் தர முடியும். மாதிரி ஒன்றை இணைத்திருக்கிறேன். வரும் வாரம் தாங்கள் குறிப்பிடும் நேரத்தில் பத்து நிமிடம் நேரில் வந்து பார்க்க அனுமதி வேண்டுகிறேன்."

இதற்கு மேல் ஒரு வரியும் தேவையில்லை. நீதிமன்ற வேலை முடிந்த மாலை நேரத்தில் அனுப்புங்கள். பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம், அதோடு சரி. வாரத்துக்கு ஐந்து கடிதம் போதுமானது. ஒரே நாளில் நாற்பதையும் அனுப்பினால் பெயர் மாறி ஒட்டும் விபத்து நடக்கும். சீனியர் பெயரில் ஒரு எழுத்து பிசகினாலும் மாதிரியைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். முதல் பத்துக் கடிதத்துக்கு ஒரு பதிலும் வராவிட்டால் மாதிரியையும் முதல் வரியையும் மாற்றிவிட்டு அடுத்த பத்துக்குப் போங்கள்.

சம்பளம் குறைவு என்றால்

குறையத்தான் குறையும். எவ்வளவு என்பதோடு வேறு நான்கையும் கேளுங்கள்: என் வரைவை யார் திருத்துவார், எப்போதிலிருந்து நான் நீதிமன்றத்தில் பேசலாம், எந்தத் தேதியில் பணம் வரும், பயணம் மற்றும் நகல் செலவு யாருடையது. நான்காவதைக் கேட்காமல் சேர்ந்தவர்கள் சம்பளத்தில் பாதியை நகலெடுக்கும் கடையில் விடுகிறார்கள். சொந்த வழக்கு எடுக்க அனுமதி உண்டா என்பதையும் சேர்த்துத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்தில் தொகையை மறுபரிசீலனை செய்வது என்று மின்னஞ்சலில் ஒரு வரி வாங்கிவையுங்கள்.

சம்பளமே இல்லை என்றால்? இங்கிலாந்தில் பாரிஸ்டர் (நீதிமன்றத்தில் வாதாடும் வழக்கறிஞர்) பயிற்சிக்கு ஒழுங்குமுறை அமைப்பே குறைந்தபட்சத் தொகை வைத்திருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. எங்கள் கருத்தில், திருத்தம் சொல்லித் தருகிற சீனியரிடம் சில வாரம் சம்பளமில்லாமல் இருப்பது பொறுத்துக்கொள்ளத்தக்கது. வாய்தா வாங்குவதற்கும் கோப்பு தூக்குவதற்கும் மட்டும் ஆள் வைத்திருக்கிற இடத்தில் ஒரு வாரமே அதிகம்.

ஆவணச் சரிபார்ப்பு வேலையில் பணம் ஒழுங்காக வரும், கற்பது குறைவு. ஒன்றரை ஆண்டுக்கு மேல் அதிலேயே இருந்தால் அடுத்த நேர்காணலில் காட்ட ஒரு வரைவும் இருக்காது. மேற்படிப்புக்கு ஓடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2010இல் அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் முதலாண்டு சேர்ந்தவர்கள் 52,000க்கு மேல், அதுவரை இல்லாத உச்சம். மந்தத்துக்கு ஒதுங்க வந்த அந்தக் கூட்டம் மொத்தமும் மூன்றாண்டு கழித்து ஒரே நேரத்தில் வெளியே வந்தது. 2013இல் சேர்ந்தவர்கள் 40,000க்கும் கீழே போய்விட்டார்கள். முதுகலைப் பட்டம் இன்னொரு நாட்டின் உரிமத் தேர்வுக்கோ ஆசிரியப் பணிக்கோ வழி திறந்தால் செலவழிக்கலாம். கடன் வாங்கி ஓராண்டைக் கழிப்பதற்கென்றால் அதே வாசலுக்குக் கூடுதல் கடனோடு திரும்பி வருவீர்கள்.

தனியாகத் தொழில் தொடங்குவதானால் பணம் வந்துசேரும் தாமதத்தைக் கணக்கில் வையுங்கள். இந்த மாதம் செய்த வேலைக்குத் தொகை கைக்கு வர மூன்று நான்கு மாதம் ஆவது சாதாரணம். கட்சிக்காரர் பணத்துக்குத் தனிக் கணக்கு, எதிர்த்தரப்பும் உங்கள் கட்சிக்காரராக இருந்து நலன் முரண்படுகிறதா என்று பார்க்கப் பெயர்ப் பதிவேடு, கட்டணத்தை எழுதிய ஒப்புதல் கடிதம், கெடு தேதிகள் இரண்டு இடத்தில் என்ற நான்கும் முதல் நாளிலிருந்தே வேண்டும். ஜெயித்தால் பங்கு தருகிறேன் என்பார்கள். அமெரிக்காவில் பல வகை வழக்குகளுக்கு அது சட்டப்படி சரி, இந்தியாவில் வழக்கறிஞருக்குத் தடை. உங்கள் ஊர் விதியைப் பார்க்காமல் தலையாட்டினால் உரிமத்துக்கே ஆபத்து.

எங்கே சேர்ந்தாலும் வேலைக் குறிப்பேடு ஒன்று வையுங்கள். தேதி, மன்றம், வழக்கு வகை, நீங்கள் செய்த பகுதி, விளைவு. கட்சிக்காரர் பெயரோ வழக்கு எண்ணோ அதில் வேண்டாம். மந்தம் தெளிந்து பெரிய நிறுவனங்கள் மறுபடி ஆள் எடுக்கும்போது, கடன் மறுசீரமைப்பு ஒப்பந்தம் பதினொன்று வரைந்தேன், அதில் நான்கு திருத்தமில்லாமல் போயின என்று சொல்ல முடிகிறவருக்கும், பல ஒப்பந்தங்களில் உதவினேன் என்கிறவருக்கும் இடையே அந்த நோட்டுதான் வித்தியாசம். வெள்ளிக்கிழமை மாலையில் கால் மணி நேரம் போதும். மாதக் கடைசிக்குத் தள்ளினால் பாதி மறந்திருக்கும்.